முதுநிலைக் கல்வியியல் இறுதி ஆய்வைத் திட்டமிடுதல்: சிங்கப்பூர்த் தமிழாசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஆங்கிலம் பேசும் மாணவர்களின் தமிழ்ப் பேச்சுத்திறனை மேம்படுத்துவது என்பதையே என் இறுதி ஆய்வுக்கான தலைப்பாக முதலில் எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் அதைப் படித்துவிட்டு, எந்த மாணவர்கள், எத்தனை பேர், எந்தத் தவணையின் எந்த வாரங்களில் அவர்களைச் சந்திப்பீர்கள் என்று கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் விடை இருக்கவில்லை. பகலில் கற்பித்துவிட்டு மாலையில் படிக்கும் தமிழாசிரியர் எவரும் தம் இறுதி ஆய்வை இந்த மூன்று கேள்விகளிலிருந்தே திட்டமிடத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் நம் வகுப்பின் அளவும், பள்ளி நாட்காட்டியும், அனுமதி பெறும் முறையும் சேர்ந்து, எந்த வினாவுக்கு நம்மால் நேர்மையாக விடைகாண முடியும் என்பதை நாம் பேனாவை எடுப்பதற்கு முன்பே பெருமளவு தீர்மானித்துவிடுகின்றன.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் படித்தாலும், வேறு பல்கலைக்கழகத்தில் படித்தாலும், முதல் வேலை உங்கள் பட்டத்திட்டத்தின் கையேட்டை முழுமையாகப் படிப்பதுதான். முழு ஆய்வேடு கேட்கப்படுகிறதா, அதைவிடச் சிறிய ஆய்வுத்திட்டம் போதுமா, சொல்வரம்பு எவ்வளவு, தரவு திரட்டுவது கட்டாயமா, ஒப்படைக்கும் நாள் எது ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவையுங்கள். சக மாணவர் சொன்ன சொல்வரம்பை நம்பித் திட்டமிட வேண்டாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவருக்கு வேறு விதி இருந்திருக்கலாம்.

வினாவைச் செதுக்குதல்

2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாக ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு, தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. தமிழ்க் கல்வியைப் பற்றி எழுதும் நம்மில் பலரும் இந்த எண்களை முதல் இயலில் வைக்கிறோம், வைக்கவும் வேண்டும். ஆனால் அவை ஆய்வின் பின்னணிதான். அந்தப் பின்னணியிலிருந்து நேராக வினாவை எடுத்தால், ஒரு நாட்டின் மொழி மாற்றத்தை ஒற்றை ஆசிரியர் ஒரே ஆண்டில் விளக்க முயலும் நிலை வந்துவிடும். வினாவைத் தேட வேண்டிய இடம் உங்கள் வகுப்பறை. சென்ற ஒரு மாதத்தில் உங்களைத் திரும்பத் திரும்ப யோசிக்க வைத்த ஒரு காட்சியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

என் வகுப்பில் அந்தக் காட்சி காணொளியைப் பார்த்து உரையாடும் பயிற்சியின்போது கிடைத்தது. தொடக்கநிலை 4 மாணவர்கள் தாங்கள் கண்டதைத் தமிழில் ஓரளவு நன்றாகவே சொன்னார்கள். ‘அவன் செய்தது சரியா, ஏன் அப்படி நினைக்கிறாய்?’ என்று கேட்டவுடன் ‘பிகாஸ்’ என்று தொடங்கி, மீதி வாக்கியத்தையும் ஆங்கிலத்திலேயே முடித்தார்கள். காட்சியை விவரிக்கத் தமிழ் இருக்கும் பிள்ளைக்குக் காரணம் சொல்ல மட்டும் தமிழ் ஏன் கைகொடுக்கவில்லை என்ற ஐயத்திலிருந்து என் வினா உருவானது: காரணம் கூறும்போது மாணவர்கள் எந்தெந்த இடங்களில் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள், காரணம் கூறுவதற்கான தொடக்கத் தொடர்களை ஆறு வாரம் பழக்கிய பிறகு அந்த இடங்களில் என்ன மாற்றம் தெரிகிறது? இந்த வினாவில் யார், என்ன செயல், எவ்வளவு காலம், எதைக் கேட்டுப் பதிவுசெய்யப் போகிறோம் ஆகிய நான்கும் அடங்கியிருக்கின்றன. முக்கியமாக, ‘ஒரு மாற்றமும் தெரியவில்லை’ என்பதும் இதற்கு முறையான விடையாக முடியும். அப்படியொரு விடைக்கு இடம் தராத வினா ஆய்வுக்கு ஏற்றதன்று, ஏனெனில் அதைக் கேட்பவர் தாம் ஏற்கெனவே நம்புவதற்கு ஆதாரம் திரட்ட மட்டுமே புறப்பட்டிருக்கிறார்.

வினாவை எழுதியவுடன் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள்வரையறை எழுதுங்கள். தமிழைப் பொறுத்தவரை இது மிகவும் கடினமான வேலை. இதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு சமுதாயத்தில் எழுத்துக்கு ஒரு வடிவமும் பேச்சுக்கு வேறொரு வடிவமும் அருகருகே வழங்குவதை இரட்டை வழக்கு என்கிறோம். மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தக் கருத்து உலகெங்கும் பேசப்படுகிறது. தமிழ் அதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. இங்கே 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல்முறை மறுஆய்வுக் குழுவும் வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தர வேண்டுமென்று பரிந்துரைத்தது. ஆகவே ஒரு மாணவி ‘சாப்ட்டுட்டு வந்தேன்’ என்று சொன்னால் அதை நீங்கள் பிழை என்று குறிப்பீர்களா, இயல்பான பேச்சு என்று குறிப்பீர்களா? ‘பஸ்’ என்ற சொல் ஆங்கிலத்துக்கு மாறியதாகுமா, தமிழ்ப் பேச்சில் என்றோ குடியேறிவிட்ட சொல்லாகுமா? ‘ஃப்ரெண்டுங்களோட’ என்பதில் வேர் ஆங்கிலம், விகுதி தமிழ். அதை எங்கே சேர்ப்பீர்கள்? தரவைத் திரட்டிய பிறகு இவற்றை முடிவுசெய்தால், நமக்குச் சாதகமான பக்கத்துக்கே கை போகும். வேறோர் ஆசிரியர் படித்தாலும் அதே முடிவுக்கு வரும் வகையில் விதிகளை முன்கூட்டியே இரண்டு பக்கத்தில் எழுதி, பழைய பயிற்சி ஒன்றின் சில வாக்கியங்களில் சோதித்துப் பாருங்கள்.

சிறிய வகுப்புக்குப் பொருந்தும் முறை

ஆய்வுமுறை வகுப்புகளில் நாம் படிக்கும் கட்டுரைகள் பலவற்றில் புதிய முறையில் கற்கும் ஒரு சோதனைக் குழு, வழக்கம்போல் கற்கும் ஒரு கட்டுப்பாட்டுக் குழு, முன்தேர்வு, பின்தேர்வு என்ற அமைப்பைக் காண்கிறோம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரு குழுக்களின் சராசரிகளுக்கிடையே நடுத்தர அளவிலான வேறுபாடு உண்மையில் இருந்தால், வழக்கமான 5 விழுக்காட்டுப் பொருண்மை நிலையில் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகத் தவறாக எண்ணும் வாய்ப்பை 5 விழுக்காட்டில் நிறுத்தி) 80 விழுக்காட்டு வாய்ப்புடன் அதைக் கண்டறிய ஒவ்வொரு குழுவிலும் 64 பேர் வேண்டும். வேறுபாடு பெரியதாக இருந்தாலும் குழுவுக்கு 26 பேர் வேண்டும். உளவியலாளரும் புள்ளியியலாளருமான ஜேக்கப் கோஹன் 1992இல் வெளியிட்ட இந்த அட்டவணை இன்றும் பயன்படுகிறது. நம் பள்ளிகள் பலவற்றில் ஒரு நிலையில் தமிழ் படிப்பவர்கள் அனைவரையும் சேர்த்தாலும் 64 பேர் வரமாட்டார்கள். பன்னிரண்டு பேரைப் பன்னிரண்டு பேருடன் ஒப்பிட்டுப் புள்ளியியல் சோதனை நடத்தினால், நல்ல பலன் தந்த கற்பித்தல்முறைகூடப் ‘பொருண்மையுள்ள வேறுபாடு இல்லை’ என்ற வரியுடன் முடிந்துபோகும். அந்த இரண்டு வகுப்புகளையும் வெவ்வேறு ஆசிரியர்கள் எடுத்தால், வேறுபாடு முறையால் வந்ததா ஆசிரியரால் வந்ததா என்பதையும் பிரித்துச் சொல்ல இயலாது.

நம் சிறிய வகுப்புக்கென்று ஒரு வலிமை இருக்கிறது. பன்னிரண்டு மாணவர்களையும் பெயர் சொல்லி அறிவோம், ஒவ்வொருவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்க முடியும். அந்த நெருக்கத்தைப் பயன்படுத்தும் முறைகளையே நான் பரிந்துரைப்பேன். தம் வகுப்பில் ஒரு மாற்றத்தைச் செய்து, கவனித்து, திருத்தி, மீண்டும் செய்யும் செயலாய்வு அவற்றுள் ஒன்று. மூன்று நான்கு மாணவர்களை ஆழமாகப் பின்தொடரும் தனிநிலை ஆய்வு இன்னொன்று. எண்களையும் விட்டுவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு மாணவரும் முதல் வாரத்தில் எத்தனை முறை ஆங்கிலத்துக்கு மாறினார், ஆறாம் வாரத்தில் எத்தனை முறை மாறினார் என்பதைத் தனித்தனி வரைபடமாகக் காட்டலாம். சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்கள் அனைவருக்கும் பொருந்தும் முடிவை மட்டும் அதிலிருந்து எடுக்கக் கூடாது. ‘இந்தச் சூழலில் இப்படி நடந்தது, இந்தக் காரணங்களால் நடந்திருக்கலாம்’ என்று விளக்கமாக எழுதினால், இன்னொரு பள்ளியின் ஆசிரியர் தம் வகுப்புக்கு அது பொருந்துமா என்பதைத் தாமே எடைபோட்டுக்கொள்வார்.

அனுமதியும் ஒப்புதலும்

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைக்கும் முன் ஒரு மாணவரின் குரலைக்கூட ஆய்வுக்காகப் பதிவுசெய்யக் கூடாது. பள்ளி முதல்வரின் அனுமதி தனியாக வேண்டும். ஆய்வு உங்கள் பள்ளிக்கு வெளியேயும் விரிந்தால் கல்வி அமைச்சின் அனுமதி தேவையா என்பதையும் நெறியாளரிடம் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குழு கேட்கும் திருத்தங்களைச் செய்து மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால், இந்தக் கட்டத்துக்கு மூன்று மாதம் ஒதுக்குவது பாதுகாப்பானது. பள்ளியில் முதலில் துறைத்தலைவரிடம் பேசி, பாடநேரம் வீணாகாது என்பதைப் பாடத்திட்டத்துடன் காட்டிவிட்டு முதல்வரிடம் செல்லுங்கள்.

பெற்றோருக்கான ஒப்புதல் கடிதத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுங்கள். தமிழ் படிக்கும் பிள்ளைகளில் சிலரின் வீட்டுமொழி மலையாளமாகவோ தெலுங்காகவோ இருக்கும். தமிழ்க் குடும்பங்களிலும் ஆங்கிலக் கடிதத்தை எளிதாகப் படிக்கும் பெற்றோர் பலர். இரு வடிவங்களும் ஒரே செய்தியைச் சொல்கின்றனவா என்று வேறொருவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். பெற்றோர் கையெழுத்திட்டால் மட்டும் போதாது, பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். ‘நீ பேசறதை நான் பதிவு பண்ணி, அதைப் பத்தி எழுதப் போறேன். உனக்கு வேணாம்னா சொல்லலாம், நான் கோபப்பட மாட்டேன்’ என்பது போன்ற எளிய பேச்சில் அதைச் சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண் போடும் ஆசிரியரே ஒப்புதலும் கேட்கும்போது மறுப்பது பிள்ளைக்கும் பெற்றோருக்கும் கடினம். தமிழ் மரபில் ஆசிரியருக்கு இருக்கும் இடத்தை நினைத்தால் இந்தத் தயக்கம் இன்னும் கூடுதலாகவே இருக்கும். ஆகவே படிவங்களை உங்களிடம் தராமல் சக ஆசிரியர் ஒருவரிடம் தரும்படி ஏற்பாடு செய்யுங்கள். புதிய பயிற்சியை வகுப்பிலுள்ள அனைவருக்கும் கொடுத்துவிட்டு, ஒப்புதல் தந்தவர்களின் பதிவுகளை மட்டும் ஆய்வில் சேருங்கள்.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஆசிரியர் வட்டம் சிறியது. ‘வட்டாரப் பள்ளி ஒன்றில் தொடக்கநிலை 6இல் உயர்தமிழ் படிக்கும் ஒரே மாணவி’ என்று எழுதினால், புனைபெயர் இருந்தும் அவள் யாரென்று பத்துப் பேராவது சொல்லிவிடுவார்கள். பள்ளியின் வட்டாரம், பெற்றோரின் தொழில், உடன்பிறந்தோர் பற்றிய விவரம் ஆகியவற்றை ஆய்வுக்குத் தேவையில்லையென்றால் விட்டுவிடுங்கள். குரல்பதிவு போதுமென்றால் காணொளி எடுக்க வேண்டாம். பதிவுகளை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துமாற்றுச் செயலிகளில் ஏற்றுவதையும் தவிர்த்துவிடுங்கள். பிள்ளைகளின் குரல் எங்கே போய்ச் சேருகிறது என்பதற்கு உங்களால் பொறுப்பேற்க முடியாது.

நாட்காட்டியிலிருந்து பின்னோக்கி

நம் பள்ளியாண்டில் தலா பத்து வாரங்கள் கொண்ட நான்கு தவணைகள் உள்ளன. நான் முதலில் ஆகஸ்ட் மாதத்தைத் தரவு திரட்டத் தேர்ந்தெடுத்தேன். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழித் தேர்வு அந்த மாதத்தில்தான் நடக்கும் என்பது எனக்குத் தெரியாததன்று. அது என் தொடக்கநிலை 4 வகுப்பைத் தொடாது என்று நினைத்துவிட்டேன். பயிற்சிக்காக ஆசிரியர்கள் மாற்றி அமர்த்தப்பட்டார்கள், வகுப்புகள் இணைக்கப்பட்டன, என் ஆறு வாரப் பயிற்சி மூன்றாம் வாரத்திலேயே அறுந்துபோனது. அந்தப் பதிவுகளைப் பயன்படுத்த முடியாமல் மறு ஆண்டு மீண்டும் தொடங்கினேன்.

ஒப்படைக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி வாருங்கள். ஆண்டிறுதியில் ஒப்படைப்பதானால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை எழுதுவதற்கு வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் பகுப்பாய்வுக்கு. ஜூன் மாதத்தின் நான்கு வார விடுமுறையைப் பதிவுகளைப் படியெடுக்க, அதாவது கேட்டு எழுத்தாக்க, வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மார்ச் இறுதியில் தொடங்கும் இரண்டாம் தவணையில் தரவைத் திரட்ட வேண்டும், முதல் தவணையில் முன்னோட்ட ஆய்வை முடிக்க வேண்டும், முந்தைய ஆண்டின் அக்டோபருக்குள் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உயர்நிலைப்பள்ளி ஆசிரியராக இருந்து நான்காம் ஆண்டு மாணவர்களை ஆய்வு செய்ய விரும்பினால், தேசியத் தேர்வுக்கான ஆயத்தம் உங்கள் தவணையை விழுங்கிவிடும். ஆகவே உயர்நிலை 1 அல்லது 2ஐத் தேர்ந்தெடுங்கள்.

படியெடுப்பதற்கு ஆகும் நேரத்தை நம்மில் பலர் குறைத்தே மதிப்பிடுகிறோம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும் என்பது பொதுவான அனுபவம். பன்னிரண்டு மாணவர்கள், ஆளுக்குப் பத்து நிமிடம், பயிற்சிக்கு முன்பும் பின்பும் இரண்டு முறை என்றால் மொத்தம் நான்கு மணி நேரப் பதிவு. அதைப் படியெடுக்க 16 முதல் 24 மணி நேரம் தேவைப்படும். பிள்ளைகள் குழுவாகப் பேசி, ஒருவர்மேல் ஒருவர் குரல் விழுந்து, தமிழும் ஆங்கிலமும் மலாய்ச் சொற்களும் கலந்து வந்தால் இன்னும் கூடும். முன்னோட்ட ஆய்வில் இரண்டே மாணவர்களின் பேச்சைப் பதிவுசெய்து, நீங்களே படியெடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மாணவர்களைச் சேர்க்கலாம் என்பதை அந்த எண் சொல்லிவிடும். உணவு இடைவேளையின் இரைச்சல் ஒலிவாங்கியில் விழுகிறதா, நீங்கள் கேட்கும் கேள்வி பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்பனவும் அப்போது தெரிந்துவிடும்.

முந்தைய ஆய்வுகளைப் படித்தல்

தமிழ்க் கற்பித்தலைப் பற்றி மட்டும் தேடினால் கிடைக்கும் கட்டுரைகள் குறைவாக இருக்கும். அதனால் ‘இத்துறையில் ஆய்வே இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. சிங்கப்பூரின் மலாய், சீனமொழி வகுப்பறைகளைப் பற்றிய ஆய்வுகளையும், வெளிநாடுகளில் வீட்டுமொழியைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளையும் தேடுங்கள். வெல்ஷ் மொழி, அமெரிக்காவின் ஸ்பானிய மொழி ஆகியவற்றைப் பற்றிய கட்டுரைகளில் நம் வகுப்பறையின் சாயலைக் காண்பீர்கள். தமிழ்க் கல்வியின் வரலாற்றை ஆராய விரும்புவோருக்குத் தேசிய நூலக வாரியத்தின் இணையவழி நாளிதழ்த் தொகுப்பு பெரிய கொடை. 1935இல் தொடங்கப்பட்ட தமிழ் முரசின் பழைய இதழ்களை அதில் காணலாம். மேற்கோள் மென்பொருளைப் பயன்படுத்தும்போது தமிழ்ப் பெயர்களைத் தனித்தனியாகச் சரிபாருங்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைக்கும் நம் வழக்கம் அந்த மென்பொருளுக்குத் தெரியாததால், தந்தையின் பெயரே ஆய்வாளரின் பெயராகப் பட்டியலில் ஏறிவிடுவதுண்டு.

ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வேட்டில் தமிழ்த் தரவு

நம்மில் பெரும்பாலோர் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதுகிறோம், தரவோ தமிழில் இருக்கிறது. மொழிபெயர்ப்பதற்கு முன்பே, தமிழில் வைத்தே பகுப்பாய்வைச் செய்து முடியுங்கள். ஒரு மாணவர் தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாறிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தால் அந்த மாற்றமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். நீங்கள் ஆராய வந்தது அந்த மாற்றத்தைத்தான். ஆகவே ஆய்வேட்டில் ஒவ்வொரு பகுதியையும் முதலில் அவர் பேசியபடியே தமிழ் எழுத்தில் கொடுத்து, கீழே பெயர்ப்பைக் கொடுத்து, பெயர்ப்பில் அவர் ஆங்கிலத்திலேயே சொன்ன சொற்களைத் தடித்த எழுத்தில் காட்டுங்கள். தேர்வாளர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம் என்பதால், எழுத்துத்தமிழ், பேச்சுத்தமிழ் வேறுபாட்டை முதல் இயலிலேயே ஒரு பக்கத்தில் விளக்கிவிடுங்கள்.

நீங்கள் முன்பே எழுதிய பொருள்வரையறை விதிகளை வைத்துக்கொண்டு சக ஆசிரியர் ஒருவரையும் தரவில் ஐந்திலொரு பங்கைக் குறிக்கச் சொல்லுங்கள். நெறிமுறை விண்ணப்பத்திலேயே அவருடைய பங்கையும் குறிப்பிட்டிருக்க வேண்டும். இருவரும் வேறுபடும் இடங்களை ஒளித்துவைக்காமல் ஆய்வேட்டில் எழுதுங்கள். ‘ஃப்ரெண்டுங்களோட’ என்பதை அவர் தமிழாகவும் நான் ஆங்கிலமாகவும் குறித்திருந்தோம்; அதைப் பற்றி நாங்கள் பேசிய அரை மணி நேரம் என் விவாத இயலின் மிக நல்ல பக்கங்களாக வந்தது.

ஒப்படைத்த பிறகு செய்ய வேண்டியவற்றுக்கும் திட்டத்தில் நாள் குறித்துவிடுங்கள். ஒப்புதல் கடிதத்தில் வாக்களித்தபடி பதிவுகளை அழிக்கும் நாள் ஒன்று, துறைக்கூட்டத்தில் சக ஆசிரியர்களுக்கு முடிவுகளைச் சொல்லும் நாள் ஒன்று. மூன்றாவது நாள் மாணவர்களுக்கு உரியது. அதற்குள் அவர்கள் தொடக்கநிலை 5க்குச் சென்றிருப்பார்கள், வேறோர் ஆசிரியரிடம் இருப்பார்கள். அந்த ஆசிரியரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, அவர்கள் பேசியதிலிருந்து நீங்கள் கற்றதை அவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.